உடைந்த அச்சு: ஒப்பின்மையைக் கூறும் ஓர் ஆங்கிலத் தொடரைப் பற்றிய விசாரணை

1. கேள்வி

பள்ளிப் பாடங்களைக் கடந்து ஆங்கில நாவல்களையும் இரங்கலுரைகளையும் தானாக எடுத்து வாசிக்கத் தொடங்கும் தமிழ் மாணவன், ஒரு மனிதரைப் பற்றி 'அவரைச் செய்து முடித்ததும் அச்சை உடைத்துவிட்டார்கள்' என்ற கருத்துப்பட வரும் ஒரு தொடரை எங்கேனும் எதிர்ப்படாமல் இரான். 'தே புரோக் த மோல்டு' என்னும் அச்சிறு தொடருக்கு நம் வகுப்பறைகளில் சொல்லப்படும் அர்த்தம் 'ஒப்பற்றவர்' அல்லது 'நிகரற்றவர்' என்பதாகும். அர்த்தம் தவறன்று, ஆயினும் அந்த அர்த்தத்தை மாத்திரம் மனனம் செய்துகொண்டு தொடரைக் கையாளப் புகுகின்றவன், புகழ வேண்டிய இடத்தில் பரிகாசம் செய்துவிடவும், பரிகாசத்தைப் புகழ்ச்சியென்று நம்பிவிடவும் இடமுண்டு. ஆகவே, உடைக்கப்பட்ட அந்த அச்சு எத்தகைய அச்சு, அதை உடைத்தவர் யார், உடைத்தது பாராட்டுக்கு அறிகுறியாக எப்பொழுது ஆயிற்று என்பவற்றை ஆராய்ந்து, நம் மொழியின் 'ஒப்பற்ற' என்னும் விசேஷணத்தோடு அத்தொடர் உண்மையில் எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தொடருக்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கம் உலோக வார்ப்பைச் சார்ந்தது: சிற்பி ஓர் உருவை அச்சில் வார்க்கிறான், அதுபோல் இன்னொன்று பிறவாதிருக்கும் பொருட்டு அச்சை உடைக்கிறான், ஆகவே உரு ஒன்றே ஒன்றாக நிலைபெறுகிறது. கேட்பதற்கு எளிதான இவ்விளக்கம், வார்ப்புப் பட்டறையின் வாயிலுக்குச் சென்றவுடனேயே ஆட்டங்காணத் தொடங்குகிறது.

2. பட்டறையின் சாட்சியம்

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் பஞ்சலோக விக்கிரகங்களை வார்க்கும் ஸ்தபதிகள் கைக்கொள்ளும் முறைக்கு, சிற்ப நூல்கள் 'மதூச்சிஷ்ட விதானம்' என்று பெயர் சூட்டியிருக்கின்றன. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்து உருக்கிப் பக்குவப்படுத்தி, அதில் விக்கிரகத்தை விரல் நகம் ஈறாகச் செதுக்கி, காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை அதன்மேல் மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் உலர்த்தி, பின்னர் மேன்மேலும் கனத்த பூச்சுக்களைக் கொடுத்து இரும்புக் கம்பியால் இறுகக் கட்டுகின்றனர். வறட்டித் தீயில் சுட்டால் மெழுகு முழுவதும் உருகி வடிந்துபோக, உள்ளே விக்கிரகத்தின் வடிவான வெற்றிடம் மாத்திரம் எஞ்சுகிறது. அதனுள் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணைச் சம்மட்டியால் தட்டி உடைக்கின்றனர். மண் கட்டிகள் உதிர உதிர முதலில் ஒரு முழங்கையும் பின்னர் ஒரு முகமும் கரடுமுரடாக வெளிப்படும். மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று. எஞ்சியது விக்கிரகம் ஒன்றே. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் யாவும் இவ்வாறு பிறந்தவையாதலால், ஒரு நடராஜ வடிவத்தை அணுவும் பிசகாமல் ஒத்த பிறிதொரு நடராஜ வடிவம் இல்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? இம்முறையில் அச்சை உடைப்பது சிற்பியின் சங்கற்பத்தைப் பொறுத்ததன்று. உடைத்தாலொழிய உருவை வெளியே எடுக்க இயலாது. நன்றாக அமைந்த விக்கிரகத்துக்கும் உடைக்கிறான், கால் ஊனமாகிப்போன விக்கிரகத்துக்கும் உடைக்கிறான். மணல் வார்ப்பிலும் இதே நிலைதான். மணல் அச்சு ஒவ்வொரு தடவையும் கலைந்துபோகும், அதைப் பதிக்க உதவிய மாதிரிக் கட்டையே பாதுகாக்கப்படும். அச்சு உடைவது அன்றாட நிகழ்ச்சியாயுள்ள ஒரு தொழிலிலிருந்து, அச்சு உடைவதை அபூர்வச் செயலாகக் கொண்டாடும் ஒரு தொடர் பிறந்தது என்று கொள்வதற்கு என் மனம் ஒப்பவில்லை. மீண்டும் மீண்டும் பயன்படுவதற்கென்றே செய்யப்பட்ட அச்சாக இருந்தால் மாத்திரமே, ஒரே தடவைக்குப் பின் அதை உடைத்தெறிவது வியப்புக்குரிய செயலாகும். செங்கல் அச்சு அத்தகையது, முத்திரைக்கட்டை அத்தகையது, எல்லாவற்றுக்கும் மேலாக நாணயம் அடிக்கும் எஃகு அச்சு அத்தகையது. பின்வரும் இலக்கியச் சான்றுகளும் அத்திசையையே சுட்டுகின்றன.

3. இயற்கை அன்னையின் நாணயச்சாலை

பன்னிரண்டாம் நூற்றாண்டில் லில் நகரத்து ஆலன் என்னும் பிரெஞ்சுப் பண்டிதர் லத்தீனில் 'இயற்கையின் புலம்பல்' என்னும் ஒரு நூலை இயற்றினார். அதில் இயற்கை ஒரு பெண் தெய்வமாக வந்து, தான் கடவுளின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டவள் என்றும், ஜீவராசிகளின் இனங்களை நாணயம் அடிப்பதுபோல் அடித்து வெளியிடும் உத்தியோகம் தன்னுடையது என்றும் கூறுகிறாள். மூலவடிவத்தை ஒத்தே ஒவ்வொரு பிரதியும் அமைதல் வேண்டும்; மனிதன் மனிதனையும் குதிரை குதிரையையும் ஈன வேண்டும்; அச்சு பிசகினால் சிருஷ்டியின் ஒழுங்கே பிசகிவிடும். அடுத்த நூற்றாண்டில் 'ரோஜாவின் கதை'யை நீட்டி எழுதி முடித்த ழான் த மன் என்பவரும் இயற்கையை ஓர் உலைக்களத்தில் நிறுத்துகிறார். மரணம் ஒவ்வொரு உயிராகத் துரத்திப் பிடித்துக்கொண்டே வர, இனம் அழிந்துபோகாதிருக்க அவள் சம்மட்டியைக் கீழே வைக்காமல் புதிய உருக்களை அடித்துக்கொண்டேயிருக்கிறாள்.

இவ்விரு நூல்களிலும் அச்சு என்பது சாதிருசியத்தின், அதாவது ஒப்புமையின் கருவி என்பதைக் கவனித்தல் வேண்டும். அதன் பெருமை அது உடையாதிருப்பதில்தான் இருக்கிறது. நம் பேச்சு வழக்கிலும் அச்சு இந்த வேலையையே செய்கிறது: 'அச்சில் வார்த்தாற் போல அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறான்' என்கிறோம், 'அச்சு அசல்' என்கிறோம். எனவே, ஆங்கிலத் தொடரை முதன்முதலாகக் கேட்கும் தமிழ் மாணவனுக்கு அதன் பொருள் சட்டென்று பிடிபடாமற்போவது அவனுடைய மந்தபுத்தியால் அன்று. ஒற்றுமைக்குரிய கருவியைக் கொண்டு வேற்றுமையைச் சொல்லும் அத்தலைகீழ் மாற்றத்தை ஐரோப்பாவிலும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் செய்யவேண்டியிருந்தது.

4. தேம்ஸ் நதிக்கரையில் ஓர் அணிவகுப்பு

அம்மாற்றத்தைப் பிரசித்தமாகச் செய்தவர் இத்தாலியக் கவி லுதோவிகோ அரியோஸ்தோ. அவருடைய 'ஒர்லாந்தோ ஃபுரியோசோ' என்னும் மகாகாவியம் 1516-இல் முதன்முதல் அச்சாகி, 1532-இல் அவர் கையாலேயே திருத்தமும் விரிவும் பெற்று 46 காண்டங்களாக வெளிவந்தது. அதன் பத்தாம் காண்டத்தில், பாதி பருந்தும் பாதி குதிரையுமான ஒரு விந்தைப் பிராணியின்மேல் ஆகாயமார்க்கமாகச் செல்லும் ருஜ்ஜேரோ என்னும் வீரன், லண்டனுக்கு அருகே தேம்ஸ் நதியோரத்துப் புல்வெளிகளில் பெரும்படை ஒன்று கூடியிருப்பதைக் கண்டு கீழே இறங்குகிறான். அங்கிருந்த ஒரு வீரன் அவனுக்குக் கொடிகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, இன்னது இன்னாருடையது என்று சொல்லிக்கொண்டு வருகிறான். இரண்டு ஒற்றைக்கொம்பு மாக்களுக்கு நடுவே, பாதத்தில் வெள்ளிவாள் ஏந்திய சிங்கம் பொறித்த கொடி ஸ்காட்லாந்து மன்னனுடையது. அதன் கீழே பாளையமிறங்கியிருப்பவன் மன்னன் மகன் ஸெர்பினோ. அத்தனை பேரிலும் அவனைப் போன்ற அழகன் இல்லை. இயற்கை அவனைப் படைத்தாள், படைத்தபின் அச்சை உடைத்துவிட்டாள் என்கிறான் அவ்வீரன்.

இத்தாலிய மூலத்தில் இவ்விடத்தில் நிற்கும் சொல் 'ஸ்தாம்பா' என்பது. அழுத்திப் பதிப்பதற்குரிய முத்திரையச்சையும், புத்தகம் அச்சிடும் யந்திரத்தையும் அம்மொழியில் அந்த ஒரே சொல் குறிக்கும். சிற்பியின் மண் அச்சு அங்கே இல்லை. ஆயிரக்கணக்கில் அடிக்கத் தகுந்த ஒன்றை ஒரே தடவையோடு நிறுத்திய செய்கையே அங்கே பேசப்படுகிறது. அச்சுப்பொறி ஐரோப்பாவுக்கு வந்து ஒரு நூற்றாண்டும் நிறைந்திராத அக்காலத்தில், தம்முடைய காவியமே பிரதிகளாகப் பெருகிக்கொண்டிருப்பதைக் கண்ணால் கண்ட ஒரு கவிக்கு இவ்வுருவகம் தோன்றியது வியப்பன்று. இது அநுமானந்தான், நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். எனினும் பட்டறை விளக்கத்தைவிட இதற்கு ஆதாரம் வலிதாயிருக்கிறது. 1591-இல் சர் ஜான் ஹாரிங்டனின் மொழிபெயர்ப்பு வெளிவந்ததோடு காவியம் ஆங்கிலத்திலும் குடியேறியது.

அரியோஸ்தோவின் கதைப்போக்கில் ஸெர்பினோ நெடுநாள் வாழ்வதில்லை. இருபத்துநான்காம் காண்டத்தில், பட்ட காயங்கள் ஆறாமல் தன் காதலி இஸபெல்லாவின் மடியில் உயிர் விடுகிறான். அச்சு உடைந்துபோனமையால் இழப்பு ஈடுசெய்ய இயலாததாகிறது. இத்தொடர் பிற்காலத்தில் இரங்கலுரைகளில் நிலைபெற்றதற்கு வித்து இங்கேயே இருக்கிறதென்று கருதுகிறேன்.

5. சாபமும் தற்பெருமையும்

உடைந்த அச்சு புகழ்ச்சிக்கே உரியது என்று முடிவுகட்டுமுன், ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நமக்கு எதிர்சாட்சி சொல்ல வருகிறான். 1606-ஆம் ஆண்டு டிசம்பரில் அரசவையில் நடிக்கப்பட்ட அந்நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், பெற்ற மகள்களால் துரத்தப்பட்ட கிழவன் புயலின் நடுவே நின்றுகொண்டு இடியை நோக்கி, இயற்கையின் அச்சுகளையெல்லாம் பிளந்துவிடு, நன்றிகெட்ட மனிதனை உண்டாக்கும் விதைகளையெல்லாம் சிந்திவிடு என்று கதறுகிறான். ஆலனுடைய நாணயச்சாலைதான் இங்கேயும் இருக்கிறது. ஆனால் லியர் கேட்பது அதன் சர்வநாசத்தை. இனி ஒரு மனிதனும் பிறக்க வேண்டாம் என்பதே அவன் விண்ணப்பம். ஆக, அச்சை உடைத்தல் என்ற செய்கையில் தன்னளவில் பாராட்டு ஒன்றும் இல்லை. உற்பத்தி நின்றது என்ற செய்தி மாத்திரமே உண்டு. நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்பதை உடைத்தவருடைய மனோபாவத்தைக் கொண்டே நாம் அறிய வேண்டியிருக்கிறது.

இவ்வீரடியை நன்கு உணர்ந்து பயன்படுத்திக்கொண்டவர் ரூஸோ. அவர் இறந்தபின் 1782-இல் வெளிவந்த 'ஒப்புதல்கள்' என்னும் சுயசரிதையின் முதற்பக்கத்திலேயே, தாம் கண்ட எவரையும் போலத் தாம் ஆக்கப்படவில்லையென்றும், தம்மை வார்த்த அச்சை இயற்கை உடைத்தது நன்மையா தீமையா என்பதைத் தம் நூலை வாசித்த பிறகே தீர்மானிக்க முடியும் என்றும் எழுதுகிறார். அடக்கம்போலத் தோன்றும் இவ்வாக்கியத்தின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்: அச்சு உடைந்தது உண்மைதானா என்ற கேள்வியை எழவிடாமலே, உடைத்தது சரியா என்ற கேள்விக்கு நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். தம் முயற்சிக்கு முன்மாதிரி இல்லை என்று அவர் சொல்லும் அப்புத்தகத்தின் பெயரையே, ஏறக்குறைய பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அகஸ்தீன் முனிவர் தம் நூலுக்குச் சூட்டியிருந்தார் என்பதையும், அச்சைப் பற்றிய உருவகமும் அவருக்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் முந்தியது என்பதையும் நினைக்குங்கால், ஒப்பின்மையைப் பறைசாற்றும் வாக்கியங்களே அதிகமாகப் பிரதிசெய்யப்படுகின்றன என்று தோன்றுகிறது.

6. ஜெனீவா ஏரிக்கரையில் 1816

ஆங்கிலத்தில் இத்தொடருக்குப் புகழ் தேடித்தந்த கவிதை, பைரன் பிரபு ஷெரிடனுக்கு எழுதிய இரங்கற்பா. நாடகாசிரியரும் பாராளுமன்றப் பேச்சாளருமான ரிச்சர்டு பிரின்ஸ்லி ஷெரிடன் 1816 ஜூலை 7-ஆம் நாள் கடன் தொல்லையின் நடுவே காலமானார். இந்தியர்களாகிய நமக்கு அவருடைய நாடகங்களைவிட, வாரன் ஹேஸ்டிங்ஸ் அயோத்திப் பேகம்களின் பொருளைப் பறித்ததைக் கண்டித்து 1787 பிப்ரவரியில் காமன்ஸ் சபையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அவர் நிகழ்த்திய சொற்பொழிவு நினைவிருக்கத் தக்கது. 1816 ஏப்ரலில் இங்கிலாந்தைவிட்டு நிரந்தரமாக வெளியேறி ஜெனீவா ஏரிக்கரையில் தியோதாத்தி மாளிகையில் தங்கியிருந்த பைரன், நண்பர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்கி எழுதி அனுப்பிய அப்பாடல், ஷெரிடன் பல்லாண்டு நிர்வகித்த துரூரி லேன் நாடகசாலையில் செப்டம்பரில் அரங்கேறியது. இயற்கை இத்தகைய மனிதன் ஒருவனையே ஆக்கியதாகவும், ஷெரிடனை வார்க்கையில் அச்சை உடைத்துவிட்டதாகவும் கூறி அப்பாடல் முடிகிறது. பைரன் அச்சுக்கு இட்ட சொல் 'டை' என்பது: நாணயமும் பதக்கமும் அடிக்கும் எஃகு அச்சு. அரியோஸ்தோவின் 'ஸ்தாம்பா' மூன்று நூற்றாண்டு கடந்தும் தன் உலோகவாசனையை இழக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகலை வாசகர் பொறுத்துக்கொள்வாராக. அதே கோடையில், அதே மாளிகையில் மழைக்கு ஒதுங்கிப் பேய்க்கதைகள் புனைந்த கூட்டத்தில்தான் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கருக்கொண்டது. 1818-இல் வெளிவந்த அக்கதையில், மனித கைகளால் ஆக்கப்பட்ட அவ்வுயிர் தனக்குத் துணையாகத் தன்னைப் போன்ற இன்னொன்றைச் செய்து தருமாறு படைத்தவனை இரக்கிறது. அவன் முதலில் இசைந்து, பாதி வேலையில் மனம் மாறி, செய்துகொண்டிருந்த உருவை அதன் கண்முன்னே பிய்த்தெறிகிறான். அதுவும் அச்சை உடைத்தல்தான். பைரன் அதைப் புகழ்ச்சியாக எழுதினார். ஒப்பற்றவனாக இருப்பவனுடைய தனிமை எத்தகையது என்பதை அவருடைய மாளிகையின் விருந்தாளியான பதினெட்டு வயதுப் பெண் எழுதினாள். இருவரில் ஆழமாகச் சிந்தித்தது அப்பெண்ணே என்பது என் அபிப்பிராயம்.

7. ஒப்புமையால் தோற்கும் உவமையும், காரணத்தால் வரும் தனிமையும்

நம்முடைய அணிநூல்கள் ஒப்பின்மையை வேறொரு வழியாக அணுகுகின்றன. தண்டியலங்காரம் உவமையின் வகைகளைக் கூறிவருகையில் 'பொதுநீங்குவமை' என்று ஒன்றைச் சொல்கிறது. பலரும் எடுத்தாளும் பொதுவான உவமைகளையெல்லாம் தகாதவையென்று நீக்கி, பொருளுக்கு அப்பொருளையே உவமையாக்கிவிடுவது அது. வடமொழி அலங்கார நூலார் 'அநந்வயம்' என்பார்கள். ராம ராவண யுத்தத்துக்கு ராம ராவண யுத்தமே உவமை என்னும் வசனம் அதற்குப் பிரசித்தமான உதாரணம். இம்முறையில் கவி முதலில் உலகத்தைச் சுற்றிவந்து தாமரையையும் திங்களையும் நிறுத்துப் பார்க்கிறான். ஒவ்வொன்றும் எடையில் தாழ்ந்துபோக, இறுதியில் பொருள் மாத்திரம் தராசில் மிஞ்சுகிறது. ஒப்பின்மை இங்கே ஒரு போட்டியின் முடிவு. எனவே மேன்மை அதனுள் அடங்கியே இருக்கிறது. 'ஒப்பற்ற', 'நிகரற்ற', 'தன்னேரில்லாத' என்னும் சொற்கள் யாவும் இப்போட்டியில் வென்றவனுக்குச் சூட்டும் மாலைகள். (அம்மாலைகளைச் சுவரொட்டிகளில் தெருவுக்கு ஐந்து பேருக்குச் சூட்டி மலிவாக்கிவிட்டோம் என்பது வேறு விஷயம்.)

ஆங்கிலத் தொடர் எவரோடும் எவரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அது உற்பத்தியின் விருத்தாந்தத்தைச் சொல்கிறது: ஒன்று செய்தார்கள், கருவியை ஒழித்தார்கள், ஆகவே இரண்டாவது இல்லை. செதுக்கோவியக்காரர்கள் குறித்த எண்ணிக்கையில் படிகள் எடுத்தபின் செப்புத் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துப் பாழாக்கும் வழக்கம் இன்றும் உண்டு. மேற்கொண்டு படிகள் வராது என்ற உறுதியே விலையைக் காக்கிறது. ஓவியம் நன்றாயிருக்கிறதா என்பதற்கு அக்கீறல் சாட்சியாகாது.

'ஒன் ஆஃப் எ கைண்டு' என்னும் உறவுத்தொடரையும் இங்கே ஒரு கண் பார்த்துவிடலாம். தன் இனத்தில் தான் ஒன்றே என்பது அதன் கருத்து. தாமஸ் அக்குவினாஸ் என்னும் இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலார், ஓர் இனத்துக்குள் பல வியக்திகள் உண்டாவது ஜடப்பொருளால்தான் என்றும், தேவதூதர்களுக்கு ஜடம் இன்மையால் ஒவ்வொரு தூதரும் தனித்தனி இனமே என்றும் வாதித்தார். தூதர்கள் எண்ணற்றவர்கள், ஆயினும் ஒவ்வொருவரும் இனத்தில் ஒருவர். தனித்தன்மையும் அபூர்வத்தன்மையும் ஒன்றல்ல என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்கும் வாதத்தை நான் கண்டதில்லை.

8. இன்றைய பிரயோகம்

பைரனுக்குப் பின் இயற்கைத் தேவி தொடரிலிருந்து மெல்ல மறைந்து, 'அவர்கள்' என்னும் முகவரியற்ற எழுவாய் அவளிடத்தில் வந்து அமர்ந்தது. யார் அந்த அவர்கள் என்று கேட்பாரில்லை. தெய்வம் விலகியதோடு கம்பீரமும் குறைந்து, தொடர் வீட்டுப் பேச்சுக்கு இறங்கியது. பிடிவாதக்கார மாமனைப் பற்றியும், வாயாடிப் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றியும், 'நல்லவேளை, அச்சை உடைத்துவிட்டார்கள்' என்ற குறிப்போடு அது வழங்குகிறது. அவரைச் செய்யுமுன்பே அச்சை உடைத்துவிட்டார்கள் என்று திருப்பிப்போட்டு, ஆள் கோணல்மாணலாக அமைந்ததற்குக் காரணம் கற்பிக்கும் கேலியும் உண்டு. லியரின் குரல் நகைச்சுவையாகச் சுருங்கி இங்கே ஒலிக்கிறது எனலாம். தமிழில் இதற்கு ஒத்தது 'ஒப்பற்றவர்' அன்று. தொனியில் நெருங்கி வருவது 'அந்த மாதிரி இன்னொரு ஆள் பிறந்துதான் வரணும்' என்று நாம் பாராட்டாகவும் சலிப்பாகவும் ஒருங்கே சொல்லும் வாக்கியம்.

இதைவிடப் பெரிய இடர் இன்னொன்று. ஏறக்குறைய இதே சொற்களால், வழிவழி வந்த முறையைத் தகர்த்தல் என்னும் வேறு பொருளும் ஆங்கிலத்தில் உண்டு. அங்கே அச்சு ஆளை வார்த்ததன்று. ஆளை நெருக்கும் சட்டகம். உடைப்பவனும் படைத்தவன் அல்லன், உள்ளே அகப்பட்டவன். 1981-இல் ராய் ஜென்கின்ஸ் முதலிய நான்கு முன்னாள் அமைச்சர்கள் தொழிற்கட்சியைவிட்டு வெளியேறிச் சமூக ஜனநாயகக் கட்சியை நிறுவியபோது, பிரிட்டிஷ் அரசியலின் அச்சை உடைப்பதே தங்கள் நோக்கம் என்று முழங்கினர். தாங்கள் ஒப்பற்றவர்கள் என்பது அதன் பொருளன்று; இரு கட்சி ஏற்பாட்டைக் கலைப்போம் என்பதே பொருள். 1983 தேர்தலில் லிபரல் கட்சியோடு சேர்ந்து நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் வாக்குப் பெற்றும், 650 இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தவை 23.

முதற்பொருளில் வாக்கியம் பெரும்பாலும் இறந்தகாலத்தில் நிற்கும், ஒரு மனிதனின் ஆக்கத்தையொட்டியே வரும். இரண்டாம் பொருளில் எக்காலத்திலும் வரும், உடைப்பவன் பெயரும் வெளிப்படையாக நிற்கும். மாணவன் எழுவாயைத் தேடிப் பார்த்தாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும். ஆங்கில–தமிழ் அகராதி தொகுப்போர் இவ்விரண்டையும் ஒரே பதிவில் 'ஒப்பற்ற' என்று அடைத்துவிடாமல் தனித்தனியே பிரித்து, முதலாவது பாராட்டாகவும் பரிகாசமாகவும் வரும் என்ற குறிப்பையும் சேர்த்து வெளியிடுவார்களாக.